பங்கு, வீதம், விகிதம்: வடசென்னைக் கடற்கரை வழக்கை முன்வைத்துப் பகிர்வுச் சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளையோ பணத்தையோ பலருக்கு அளவறிந்து பிரித்தலைக் குறிக்கத் தமிழில் பங்கு, வீதம், விகிதம், விழுக்காடு, பாடு முதலிய சொற்கள் வழங்குகின்றன. இவை பெரும்பாலும் ஒருபொருட் பன்மொழிகளாகக் கொள்ளப்பட்டு ஒன்றன் இடத்தில் மற்றொன்று எழுதப்படுகின்றன. இவை வெவ்வேறு கணக்கு முறைகளைச் சுட்டுவன என்றும், இவற்றுள் எதைத் தேர்கிறோம் என்பது யாருக்கு எவ்வளவு என்னும் கேள்வியின் விடையையே மாற்றக்கூடும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளின் மீன்பிடி வழக்கும், ஆலைத் தொழிலாளர் வழக்கும், 2023ஆம் ஆண்டின் எண்ணெய்க் கசிவு நிவாரணமும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பங்கு, வீதம், விகிதம், விழுக்காடு, பாடு, பழவேற்காடு, காசிமேடு, எண்ணூர்.

1. முன்னுரை

பகுத்தலும் வகுத்தலும் தமிழின் தொன்மையான கருத்தாக்கங்கள். திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் பொருளை உண்டாக்கல், சேர்த்தல், காத்தல் என்பவற்றுக்குப் பின் நான்காவதாக வகுத்தலை அரசின் வல்லமையாக வைக்கிறது. விருந்தும் ஈகையும் பேசும் இடங்களில் பகுத்தல் என்னும் வினையே ஆளப்படுகிறது. பகு என்பதிலிருந்து பகுதி, பாதி, பாத்தி முதலியனவும், வகு என்பதிலிருந்து வகை, வகுப்பு முதலியனவும் கிளைத்தன. இருப்பதைப் பிறரோடு கூறிட்டுக் கொள்ளுதல் பகுத்தல். ஒரு நெறிக்குட்பட்டு இன்னாருக்கு இவ்வளவு என ஒதுக்குதல் வகுத்தல். கணிதத்தில் நான்கு அடிப்படைச் செயல்களுள் ஒன்றுக்கு வகுத்தல் எனப் பெயர் அமைந்ததும் இந்நெறிப் பொருளோடு இயைகிறது.

பிற்காலத்தில் இவ்வினைகளின் இடத்தைப் பெயர்ச்சொற்கள் பிடித்துக்கொண்டன. பாடநூலில் விகிதமும் விகித சமமும், வங்கியில் வட்டி வீதமும், செய்தியில் விகிதாச்சாரமும், புள்ளிவிவரத்தில் விழுக்காடும், மீன்பிடித் துறைமுகத்தில் பங்கும் வழங்குகின்றன. இவற்றை விளக்கும்போது ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்து வட்டமடிக்கும் போக்கு அகராதிகளிலும் பாட விளக்கங்களிலும் பரவலாக உள்ளது. அவ்வாறு செய்வதால் இழக்கப்படுவது எது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. விகிதமும் விகிதாசாரமும்

விகிதம் என்பது வடமொழி ‘விஹித’ என்பதன் தமிழ் வடிவம். விதிக்கப்பட்டது, முறைப்படி அமைக்கப்பட்டது என்பதே அதன் முதற்பொருள். விதி என்னும் சொல்லும் அதே வேரினது. ஆகவே விகிதத்தின் அடியில் எண்ணுக்கு முன்பாகவே ஆணை நிற்கிறது. இவ்வளவுக்கு இவ்வளவு என யாரோ வகுத்து வைத்ததே விகிதம்.

விகிதாசாரம் இதனினும் சுவையான வரலாறுடையது. விகிதம், ஆசாரம் என்னும் இரு சொற்களின் தொகை இது. சொல்லளவில் இதன் பொருள் ‘விதிக்கப்பட்ட ஒழுகலாறு’ என்பதே. இன்று இச்சொல் அளவு உறவை மட்டுமே குறிக்கிறது, ஒழுகலாறு மறைந்துவிட்டது. நாளிதழ்களில் காணப்படும் ‘விகிதாச்சாரம்’ என்னும் வடிவில் சகரம் இரட்டிப்பதற்குச் சொற்புணர்ச்சியில் அடிப்படை இல்லை. ஆயினும் இவ்வடிவமே பெருவழக்காகிவிட்டது. சொல்லின் உறுப்புகள் பேசுவோர் நினைவிலிருந்து அகன்றபின் ஒலி தன்போக்கில் செல்லும் என்பதற்கு இஃது ஒரு சான்று. இலங்கைத் தமிழில் 1978ஆம் ஆண்டு அரசமைப்புக்குப் பின் நிலைபெற்ற ‘விகிதாசாரப் பிரதிநிதித்துவம்’ என்னும் தொடர் ஒற்று மிகா வடிவத்தைப் போற்றி வருகிறது.

தமிழகத்தில் இதே அரசியல் பொருளை முதலில் சுமந்த தொடர் ‘வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்’. 1920களின் இறுதியில், எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்த காலத்தில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டில் பன்னிரண்டு பணியிடங்கள் ஒரு சுழற்சியாகக் கொள்ளப்பட்டன. அவற்றுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முசுலிம்கள், கிறித்தவர் (ஆங்கிலோ இந்தியர் உட்பட) ஆகியோருக்குத் தலா 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என இடங்கள் பகுக்கப்பட்டன. ஒரு பணியிடத்தைக் கூறுபோட இயலாது. ஆகவே அளவை வரிசையாக மாற்றினர். பகுக்க இயலாத பொருளை முறைவைத்துப் பகிர்தல் என்னும் இவ்வுத்தி பழவேற்காட்டு நீரில் வேறொரு பெயரோடு வழங்குவதைப் பின்னர்க் காண்போம்.

3. வீதம்: குறுகிய வடிவம், வேறான தொழில்

மிகுதி என்பது மீதி எனவும், பகுதி என்பது பாதி எனவும் குறுகியமை அறிந்ததே. இடையிலுள்ள ககரம் கெட்டு முன்னுள்ள உயிர் நீள்வது இம்மாற்றம். இதே முறையில் விகிதம் என்பது வீதம் எனக் குறுகிற்று எனக் கொள்வது ஒலியளவிலும் பொருளளவிலும் பொருந்துகிறது. பகுதியும் பாதியும் இன்று வெவ்வேறு பொருளுடையன. பகுதி எவ்வளவாகவும் இருக்கலாம், பாதி சரிபங்கே. அவ்வாறே விகிதமும் வீதமும் பிரிந்து தத்தம் தொழிலை வகுத்துக்கொண்டன.

இப்பிரிவைத் தொடரமைப்பே காட்டும். ‘ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வீதம் கொடுத்தார்’ என்பது இயல்பான தொடர். அங்கே ‘விகிதம்’ என இட்டால் தொடர் நிற்காது. ‘மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தில் கலந்தனர்’ என்பது இயல்பு. அங்கே ‘வீதத்தில்’ என்பது பொருந்தாது. வீதம் ‘ஒன்றுக்கு இவ்வளவு’ என்னும் கட்டமைப்புக்குப் பின் வேற்றுமை உருபு ஏலாது வினையடைபோல் நிற்கிறது. விகிதம் இரண்டு அளவுகளை எதிரெதிர் நிறுத்தி, இல்லுருபு ஏற்று வருகிறது. வட்டி வீதம், வட்டி விகிதம் என இரண்டும் வழங்கும் இடங்கள் உண்டு. அவை ஓர் அலகுக்கு இவ்வளவு என்னும் எண் தானே ஓர் உறவாகவும் அமையும் இடங்கள். இரு பொருளும் அங்கே சந்திக்கின்றன. அச்சந்திப்பைக் கொண்டு இரண்டும் ஒன்றே எனக் கூறுதல் பிழை.

வீதம் சேராமலேயே ‘ஆளுக்கு ஐந்து’ என்பது பகிர்வுப் பொருள் தரும். எண்ணுப்பெயரை அடுக்கி இவ்விரண்டு, மும்மூன்று, பப்பத்து என்றாலும் அப்பொருள் கிடைக்கும். ஒன்பது நீங்கலாக இவ்வடுக்கின் புணர்ச்சியை நன்னூல் விதிக்கிறது. அவ்வாறாயின் வீதம் எதைக் கூடுதலாகத் தருகிறது? பெருக்கலைத் தருகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. ‘ஐந்நூறு ரூபாய் வீதம்’ என்னும்போது ஒருவருக்குரிய தொகை முடிவாகிவிட்டது. எத்தனை பேர் என்பது தெரிந்தால் மொத்தம் தானே வரும். வீதத்தில் ஒன்று முந்துகிறது, மொத்தம் பிந்துகிறது.

பங்கில் இது தலைகீழ். மொத்தம் முதலில் கையில் இருக்க வேண்டும். ஒருவருக்கு எவ்வளவு என்பது பின்னர்த் தெரியும். விகிதமோ மொத்தத்தையும் ஒருவரின் தொகையையும் கூறாது. ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையிலான உறவை மட்டும் கூறும். மூன்றும் மூன்று வினாக்களுக்கான விடைகள். இவற்றை ஒருபொருட் பன்மொழிகளாகக் கொள்வோர் வினாக்களையும் ஒன்றாக்கிவிடுகின்றனர்.

4. விழுக்காடும் பாடும்

காடு, பாடு என்பன தொழிற்பெயர் விகுதிகளாக வருவன. சாக்காடு, வேக்காடு, கோட்பாடு, உடன்பாடு ஆகியவற்றில் அவற்றைக் காணலாம். விழு என்னும் வினையோடு காடு சேர்ந்து விழுக்காடு ஆயிற்று. பகிர்வுக்கும் விழுதலுக்கும் என்ன தொடர்பு? பேச்சு வழக்கு அதற்கு விடை தருகிறது. செலவைப் பங்கிடும்போது ‘தலைக்கு எவ்வளவு விழும்?’ என்கிறோம். வரவைப் பங்கிடும்போது ‘ஆளுக்கு நூறு ரூபாய் விழுந்தது’ என்கிறோம். பிரித்தபின் ஒருவர்மேல் வந்து விழுவதே அவரது விழுக்காடு. நூற்றுக்கு இவ்வளவு என்னும் இன்றைய பொருள் இதன் ஒரு சிறப்பு நிலையே.

படு என்னும் வினைக்கும் விழுதற்பொருள் உண்டு. அதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர் பாடு. கடற்கரையில் இச்சொல் செறிவான பொருள்கள் பெற்றுள்ளது. வலையில் படுவது மீன்பாடு. ஒருவர் படுவது அவர் பாடு. உழைப்பது பாடுபடுதல். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் வலை வைக்கும் இடத்துக்கான உரிமையும், அவ்வுரிமையை முறைவைத்துப் பகிரும் ஏற்பாடும் பாடு எனப்படுகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் பேணிவந்த இம்முறையில், நல்ல நீரோட்டமுள்ள இடம் ஒருவருக்கே நிலையாக உரியதாகாது. சீட்டாலும் சுழற்சியாலும் மாறி மாறிக் கிடைக்கும். உரிமையின் அலகு தலைக்கட்டு. இலங்கையின் கரைவலைத் தொழிலிலும் வலை இழுக்கும் கரைப்பகுதி பாடு என்றே வழங்குவது இச்சொல்லின் பரப்பைக் காட்டுகிறது.

தொண்டை மண்டலத்து நில வழக்கில் இதற்கு இணையான ஒன்று இருந்தது. செங்கல்பட்டுப் பகுதியின் மிராசு ஊர்களில் நிலவுரிமை பங்குகளாகக் கணக்கிடப்பட்டதை எல்லிசு எழுதி 1818இல் வெளியான மிராசு உரிமை பற்றிய அறிக்கை விரிவாக விளக்குகிறது. சில ஊர்களில் பங்கின் அளவு நிலைத்திருக்க, எந்த நிலம் யாருக்கு என்பது மட்டும் காலந்தோறும் மாற்றப்பட்டது. அம்மாற்றம் கரையீடு எனப்பட்டது. நிலமாயினும் நீராயினும், சம அளவு தந்தாலும் சம வளம் தந்ததாகாது என்னும் தெளிவு இரண்டிலும் உள்ளது. அளவால் தீர்க்க முடியாத சமனின்மையைக் காலத்தால் தீர்ப்பது இதன் நுட்பம். விகிதம் என்னும் சொல்லில் இந்நுட்பத்துக்கு இடமில்லை. அது காலத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

இவ்வேற்பாட்டை இலட்சியப்படுத்துவதும் தவறாகும். பாட்டின் சுழற்சிக்குள் இருப்போருக்கு அது நேரிய பகிர்வு. தலைக்கட்டாகக் கணக்கிடப்படாதவர்களும், கையால் இறால் தடவிப் பிழைப்போரும், வேறு சமூகத்தவரும் அதற்கு வெளியே நின்றனர். யாருக்கு எவ்வளவு என்பதற்கு முன் யார் யார் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் பகிர்வுச் சொற்களுக்கு உண்டு.

5. காசிமேட்டில் பங்கு

இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுத் தொழிலாளர் வருவாய் பெரும்பாலும் பங்கு முறையைச் சார்ந்தது. கட்டுமரக் காலத்தில் ஆளுக்கு மட்டுமன்றி மரத்துக்கும் வலைக்கும் பங்கு உண்டு. உயிரற்ற பொருள் ஒரு பங்காளியாக எண்ணப்பட்டது. இன்று படகு, எந்திரம், வலை ஆகியவற்றின் பங்குகள் உரிமையாளர் பங்கினுள் அடங்கிவிட்டன. மீன் விற்ற பணத்திலிருந்து டீசல், பனிக்கட்டி, உணவு முதலிய செலவுகள் முதலில் கழிக்கப்படும். எஞ்சியது உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பிரியும். தொழிலாளர் பகுதியில் படகோட்டும் டிரைவருக்குக் கூடுதல் பங்கு உண்டு. அளவுகள் படகுக்குப் படகு வேறுபடும்.

முறையை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். மீன் விற்றது 5,00,000 ரூபாய். செலவு 3,00,000 ரூபாய். எஞ்சிய 2,00,000 ரூபாயில் உரிமையாளருக்கு 60, தொழிலாளருக்கு 40 விழுக்காடு எனக் கொண்டால் தொழிலாளர் பகுதி 80,000 ரூபாய். டிரைவருக்கு இரண்டு பங்கு, மற்ற எண்மருக்கு ஒவ்வொரு பங்கு என மொத்தம் பத்துப் பங்கு. ஒரு பங்கு 8,000 ரூபாய். அடுத்த முறை அதே செலவில் விற்பனை மட்டும் 4,00,000 ரூபாயாகக் குறைகிறது. எஞ்சுவது 1,00,000, தொழிலாளர் பகுதி 40,000, ஒரு பங்கு 4,000. விற்பனை குறைந்தது ஐந்தில் ஒன்று. பங்கு குறைந்ததோ பாதி. விகிதம் இரு முறையும் மாறவில்லை. டீசல் விலை உயர்ந்து செலவு மட்டும் 4,00,000 ரூபாயாகக் கூடினாலும் இதே விளைவுதான்.

விகிதத்தை மட்டும் காண்போருக்கு இரு பயணங்களும் ஒன்றே. பங்கை வாங்கும் கைக்கு அவை ஒன்றல்ல. விகிதம் கூறாமல் விடுவது ‘எதில்?’ என்னும் கேள்வியை. மொத்தத்தில் பங்கா, மிச்சத்தில் பங்கா? ‘செலவு போக’ என்னும் சிறு தொடரே இங்கு முழுக் கணக்கையும் தாங்குகிறது. கடலுக்குச் செல்லாத செலவுக் கணக்கு யார் கையில் உள்ளதோ, பங்கின் அளவும் ஒருவகையில் அவர் கையில் உள்ளது. கூலி வாங்குவோர் இழப்பில் பங்கேற்பதில்லை. பங்கு வாங்குவோர் பங்கேற்கின்றனர். உறவுமுறையில் சொத்தில் உரிமை உடையவரைக் குறித்த பங்காளி என்னும் சொல் நண்பரை விளிக்கவும் பயன்படுகிறது. அவ்விளியில் உள்ள நெருக்கத்தைத் துறைமுகத்துப் பங்கும் தன்னோடு கொண்டுவருகிறது. அந்நெருக்கம் சில வேளைகளில் கணக்குக் கேட்பதற்குத் தடையாகவும் ஆகலாம்.

6. ஆலையில் விழுக்காடு

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைப்பகுதிகளில் பகிர்வுச் சொல் மாறுகிறது. இங்கே ஆண்டுதோறும் பேசப்படுவது போனசு விழுக்காடு. 1965ஆம் ஆண்டு போனசு வழங்கல் சட்டத்தின்படி குறைந்த அளவு 8.33 விழுக்காடு எனவும், உச்ச அளவு 20 விழுக்காடு எனவும் நிலைபெற்றன. 8.33 என்னும் எண் பார்வைக்குப் புதிராகத் தோன்றினும் அது நூறில் பன்னிரண்டில் ஒன்றே. பன்னிரண்டு மாத ஊதியத்தில் ஒரு மாதத்தது. தொழிலாளர் அதை ‘ஒரு மாசச் சம்பளம்’ எனக் கூறுவது சட்டத்தின் பதின்மக் கணக்கைவிடத் தெளிவான பெயர்ப்பு.

ஆயின் இங்கும் ‘எதில்?’ என்னும் வினா எழுகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளோர் போனசு பெறத் தகுதியுடையோராயினர். ஆனால் கணக்கிடும்போது ஊதியம் 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்ச ஊதியம், இவற்றுள் எது மிகுதியோ அந்த அளவுக்குள் நிறுத்தப்பட்டது. எனவே 8.33 விழுக்காடு என்பது பலருக்குத் தம் உண்மை ஊதியத்தின் பன்னிரண்டில் ஒன்றாக அமையவில்லை. எண் மாறாதிருக்க, எண்ணின் அடி சுருங்கியது. காசிமேட்டில் ‘செலவு போக’ என்னும் தொடர் செய்த வேலையை இங்கே உச்சவரம்பு செய்தது.

7. எண்ணூரில் வீதம்

2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. வலைகளும் படகுகளும் எண்ணெய் படிந்து பயனற்றுப் போயின, தொழில் நின்றது. தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தின்படி மீனவக் குடும்பங்கள் 2,301க்கு ரூ.12,500 வீதமும், படகுகள் 787க்கு ரூ.10,000 வீதமும், பாதிக்கப்பட்ட பிற குடும்பங்கள் 6,700க்கு ரூ.7,500 வீதமும் வழங்கப்படவிருந்தன. பெருக்கிக் கூட்டினால் ரூ.8,68,82,500 வருகிறது; அறிவிக்கப்பட்ட மொத்தமும் 8.68 கோடி ரூபாய். மூன்றாம் இயலில் கூறிய இலக்கணம் இங்கே அப்படியே செயற்படுகிறது. ஒன்றுக்குரிய தொகை முதலில் உறுதியாகிறது. மொத்தம் அதிலிருந்து பெறப்படுகிறது.

வீதத்துக்குரிய நன்மைகள் இவ்விடத்தில் மறுக்கத்தக்கன அல்ல. சேதத்தை ஒவ்வொருவரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பணம் விரைவில் சேரும். அண்டை வீட்டாருக்கு எவ்வளவு எனத் தெரிந்திருப்பதால் ஐயம் குறையும். இழப்பின் விகிதப்படி கொடுப்பதாயின் கணக்கேடு இல்லாத தொழிலில் இழப்பை அளப்பது எளிதன்று; அளக்கும் காலமெல்லாம் வீட்டில் அடுப்பு எரியாது.

எனினும் வீதம் கூறாத சில உண்டு. முதலாவது, அலகு. குடும்பம் ஒன்றுக்கு என்னும்போது கணவர் கடலிலும் மனைவி மீன் விற்பனையிலும் தனித்தனியே இழந்தது ஓரிழப்பாகிறது. ஒருவர் மட்டும் உழைக்கும் வீடும் மூவர் உழைக்கும் வீடும் ஒரே அலகு. இரண்டாவது, உறவு. படகுக்குத் தனித்தொகை தருவது, மரத்துக்கும் ஒரு பங்கு என்னும் பழைய கடற்கரை வழக்கை அறிந்தோ அறியாமலோ பின்பற்றுகிறது. ஆயின் பங்கு முறையில் மரத்தின் பங்குக்கும் ஆளின் பங்குக்கும் இடையே தொழிலார் தம்முள் பேசி ஏற்ற ஓர் உறவு உண்டு. வீதத்தில் அவ்வுறவு மேலிருந்து தரப்படுகிறது. மூன்றாவது, காலம். வீதம் ஒருமுறைக் கொடை. கழிமுகத்தில் மீன்பாடு எத்தனை மாதம் குறையும் என்பது அதனுள் அடங்காது. பாடு என்னும் சொல்லுக்குள் இருந்த காலக்கணக்கு இங்கே இல்லை.

எனவே ‘வீதம்’ எனக் கொடுக்கப்பட்டதை ‘இழப்பீடு’ எனப் பெயரிடுவது சொல்லளவிலேயே பொருந்தாது. ஈடு என்பது ஒத்த அளவு. அஃது இழந்ததோடு ஒப்பிட்டு அறியப்படுவது, ஆகவே விகிதத்தின்பாற் பட்டது. வீதமாகத் தருவது உதவி. இரண்டும் வேண்டப்படுவனவே, ஆனால் ஒன்று மற்றொன்றன் பெயரில் முடித்துவைக்கப்படும்போது, பெறவேண்டியது பெற்றாயிற்று என்னும் தோற்றம் உண்டாகிறது. செய்தி எழுதுவோரும் ஆய்வாளரும் இவ்விரு சொற்களையும் மயங்க வழங்குவது இத்தோற்றத்துக்குத் துணைபுரிகிறது.

8. முடிவுரை

பகிர்வுச் சொற்களைக் குறித்து இக்கட்டுரை நிறுவ முயன்றவை வருமாறு. வீதம் ஒன்றிலிருந்து மொத்தத்துக்குச் செல்வது; பங்கு மொத்தத்திலிருந்து ஒன்றுக்கு வருவது; விகிதம் ஒன்றை மற்றொன்றோடு நிறுத்துப் பார்ப்பது; பாடு பகுக்க இயலாததைக் காலத்தால் பகிர்வது. விழுக்காடு விகிதத்தை நூறின் அளவில் கூறுவது. அதன் அடி எது எனக் கூறாதவரை அது பொருள் நிரம்பாது.

அகராதிப் பணியில் இச்சொற்களை ஒன்றால் மற்றொன்றை விளக்காமல், அவை ஏற்கும் தொடரமைப்போடு தருவது பயனுடையது. கணித வகுப்பில் விகிதம் கற்பிக்கும் ஆசிரியர், காசிமேட்டுப் பங்குக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டால், அப்பகுதி மாணவருக்கு விகிதத்தோடு ‘எதில் விகிதம்?’ என்னும் கேள்வியும் சேர்ந்தே புலப்படும். அம்மாணவரின் தந்தையோ அண்ணனோ ஒவ்வொரு பயணமும் முடிந்து கரையேறியதும் கேட்கும் கேள்வியும் அதுவே.